சதுரகிரி: இறங்கும் நேரத்தில் இருந்து கணக்குப் போடுங்கள்

மகாலிங்கம் கோயில் இருக்கும் சதுரகிரி மலைக்கு முதல் தடவை கிளம்புகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "ஏற எத்தனை மணி நேரம் ஆகும்?" என்றுதான். அது பாதிக் கேள்வி. திரும்பி வந்து அடிவாரத்தில் இருக்கும் தாணிப்பாறை கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டியிருக்க வேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்தால்தான் இந்த மலைக்குப் பொருந்தும் கணக்கு கிடைக்கும். இங்கே வரும் தொந்தரவுகளில் பெரும்பகுதி ஏறும்போது வருவதில்லை. மதியத்துக்கு மேல், கால் சோர்ந்து, மேகம் கூடி, கூட்டம் ஒரே நேரத்தில் இறங்கும்போதுதான் வருகிறது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருந்து ராஜபாளையம் போகும் சாலையில் கிருஷ்ணன்கோவில். அங்கே மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு, பேச்சில் வத்றாப். அதையும் தாண்டி மா, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போனால் மலையடிவாரமான தாணிப்பாறை. ரயிலில் வருகிறவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் வசதி. அமாவாசை, பௌர்ணமிக்கு அடிவாரம் வரை சிறப்புப் பேருந்து ஓடும். மற்ற நாட்களில் வத்திராயிருப்பில் இறங்கி ஆட்டோ பிடிக்க நேரலாம். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். ஏறும் வாசல் விருதுநகர் மாவட்டத்தில், மேலே கோயில் மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில். சாப்டூர் பக்கம் இருந்தும், தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் இருந்தும் பழைய பாதைகள் உண்டு. "அந்த வழியாப் போனா கூட்டமே இருக்காது" என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அது யானை நடமாடும் காடு. தாணிப்பாறைப் பாதை ஒன்றையே நம்புங்கள்.

தூரம் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் சொல்வார்கள். தூரத்தை மறந்துவிட்டு நேரத்தை வைத்து அளப்பதுதான் சரி. அன்றாடம் நடக்கிற இளைஞர்களுக்கு ஏற 3 மணி நேரம். சாதாரண ஆட்களுக்கு 4. மூட்டு வலி உள்ளவர், 60 தாண்டியவர், சிறு பிள்ளை என்று யாராவது கூட இருந்தால் 5, சில சமயம் 6. இறங்க, ஏறியதில் மூன்றில் இரண்டு பங்கு. கூட்டம் இருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. ஏறிய நேரமே இறங்கவும் ஆகும்.

மாலை 4 மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நடைக்காரர் 1 மணிக்கு மேலேயிருந்து கிளம்ப வேண்டும். மேலே சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் இரண்டையும் பதற்றமில்லாமல் பார்க்க 2 மணி நேரம் வேண்டும். ஆக, 11 மணிக்குள் மேலே. அதற்கு 7 மணிக்கு முதல் படி. 9 மணிக்கு வத்றாப்பில் டிபன் சாப்பிட்டுவிட்டு மெதுவாக வந்து சேருகிறவர்களுக்குத்தான் கோயில் வாசலில் நின்று கும்பிட்ட கையோடு ஓட வேண்டியதாகிவிடுகிறது. காலையில் இவ்வளவு மணிக்கு மேல் யாரையும் ஏற விடமாட்டார்கள் என்ற கெடுவும் உண்டு. அது அவ்வப்போது மாறும். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் அனுமதி என்பதும் அப்படித்தான். பல ஆண்டுகள் மாதத்துக்கு 8 நாள் மட்டும்: அமாவாசையை ஒட்டி 4, பௌர்ணமியை ஒட்டி 4, பிரதோஷம் அதற்குள்ளேயே வந்துவிடும். பிறகு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் வானிலை மையம் கனமழை என்று சொன்னாலும், காட்டில் தீப் பிடித்தாலும், எந்த நாளாக இருந்தாலும் கேட்டை மூடிவிடுவார்கள். மூடிய கேட்டின் முன்னால் நின்று, "இவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம் சார்" என்று மன்றாடுவதில் பயனில்லை. இரவு தங்கவும் முடியாது. பௌர்ணமி நிலவில் மலையேறி, மடத்தில் படுத்து, விடியலில் சாமி பார்த்த காலம் ஒன்று இருந்தது. பெரியவர்கள் சொல்லும் அந்தக் கதைகளை வைத்து இன்றைய பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

பிரதோஷத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிரதோஷ வேளை என்பது மாலை நாலரையில் இருந்து 6 மணி. அந்த நேரத்தில் நீங்கள் அடிவாரத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே பிரதோஷ நாளில் மலையேறலாம், சாமியைப் பார்க்கலாம். நந்திக்கு நடக்கும் அந்த வேளை அபிஷேகத்தைப் பார்ப்பது அநேகமாக நடக்காது. முதல் தடவை என்றால் ஆடி அமாவாசையும் வேண்டாம். லட்சக்கணக்கில் ஆள் வரும். ஒற்றையடிப் பாறையில் ஒருவர் நின்றால் பின்னால் நூறு பேர் நிற்க வேண்டும்.

இந்தக் கெடுபிடிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் எரிச்சல் குறையும். 2015 மே மாதம், அமாவாசைக்காக ஆயிரக்கணக்கானோர் மலையில் இருந்த நேரத்தில் ஓடைகளில் காட்டாற்று வெள்ளம் வந்து உயிர்கள் போயின. கோடை மாதம், மழைக்காலம்கூட இல்லை. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு. இங்கே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் என்று நினைப்போம், அது சரிதான். ஆனால் சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும் கோடை மழைதான் ஆளை ஏமாற்றுவது. ஓடைகளின் அடி பாறை, சரிவு செங்குத்து. உச்சியில் அரை மணி நேரம் கொட்டிய தண்ணீர் மண்ணில் ஊறாது, நிற்காது, அப்படியே மொத்தமாகக் கீழே வரும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கணுக்கால் அளவு ஓடையில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளத்துக்கு முன்னால் ஓடை சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும். சருகு, சுள்ளி, நுரை மிதந்து வரும். பச்சை மண் வாசனை எழும். கடைசியாகச் சத்தம் மாறும்: சலசலப்பு போய், தூரத்தில் லாரி வருவது போல ஓர் இரைச்சல். முதல் அடையாளத்திலேயே ஓடையை விட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழே ஓடினால் தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும். முழங்காலைத் தொடும் தண்ணீர் வேகமாக ஓடுகிறது என்றால் கடக்கவே கூடாது. அடியில் பாசிப் பாறை, பிடிக்க ஒன்றும் இல்லை. பலர் மாட்டிக்கொள்வது "நாம மட்டும் இந்தப் பக்கம் நின்னுட்டமே" என்ற பதற்றத்தில். இந்த ஓடைகள் ஏறும் வேகத்தில்தான் வடியும். மழை விட்ட பிறகு சில மணி நேரம் மேட்டில் உட்கார்ந்திருந்தால் வழி கிடைத்துவிடும். கூட வந்தவர்கள் மறுகரையில் இருந்தாலும் சரி, உட்காருங்கள்.

அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1988-இல் இருந்து, இது சாம்பல் நிற அணில் சரணாலயம். பிளாஸ்டிக் பை, பாட்டில், பாக்கெட், தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட், மது எல்லாம் சாவடியோடு சரி. பையைத் திறந்து பார்ப்பார்கள். சாப்பாட்டை வாழையிலையிலோ டிபன் பாக்ஸிலோ கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், ஆளுக்கு 2 லிட்டர்; பங்குனி, சித்திரை என்றால் 3. வழியில் ஊற்றுகள் உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். உண்டுதான், ஆனால் கோடையில் பல வற்றிவிடும். மிச்சமிருப்பதில் கூட்ட நாளில் எத்தனை பேர் கால் கழுவியிருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

முதுகில் ஏற்றும் பை 4 கிலோவைத் தாண்டக் கூடாது. அடிவாரத்திலேயே கம்பு விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போது அது சுமையாகத்தான் தெரியும். இடுப்பளவு கம்பு இறங்கும்போது உதவாது, நெஞ்சளவாவது இருக்க வேண்டும். கீழ்ப்படியில் முதலில் கம்பை ஊன்றி, பிறகு காலை வைக்க அந்த நீளம் தேவை. வெறுங்காலோடு ஏறும் வேண்டுதல் இருந்தால் காலை வெயிலுக்கு முன்பே பாறைப் பகுதிகளைத் தாண்டிவிடுங்கள். பதினோரு மணிப் பாறை உள்ளங்காலைப் பொரித்துவிடும். ஹவாய் செருப்பு மட்டும் வேண்டாம். நனைந்த பாறையில் வார் பிடுங்கிக்கொண்டால் அன்று முழுக்க ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் வெயில்.

கிளம்பினால் முதலில் ஆசீர்வாத விநாயகர், ராஜகாளியம்மன், பேச்சியம்மன், கருப்பசாமி. இது வரை சமதளம் போல இருக்கும். இங்கேதான் எல்லாரும் வேகமாக நடந்து மூச்சைச் செலவழித்துவிடுகிறார்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியாமல் இரைத்தால் வேகம் அதிகம். முதல் ஒரு மணி நேரம் அந்த அளவில் நடந்தால் மீதி மலை தானாக ஏறிவிடும்.

பிறகு பாறைகள் தொடங்கும். படிவெட்டிப் பாறை, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. வழுக்குப் பாறையில் எல்லாரும் செய்யும் தப்பு, பயத்தில் உடம்பைப் பாறை மேல் சாய்ப்பது. சாய்ந்தால் பாரம் பாதத்தை விட்டுப் போய்விடும், செருப்பு பிடிக்காது. உடம்பை நிமிர்த்தி, முழுப் பாதமும் பாறையில் படிய, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். கறுப்பாகப் பளபளக்கும் இடம் பாசி அல்லது ஆயிரம் கால் தேய்த்த வழவழப்பு; சொரசொரப்பான வெளிர் நிறப் பக்கத்தைத் தேடி மிதியுங்கள். சங்கிலியைப் பிடித்துக் கடக்கும் இடத்தில் முன்னால் இருப்பவர் கையை எடுக்கும் வரை காத்திருங்கள். இரண்டு பேர் ஒரே துண்டுச் சங்கிலியைப் பிடித்தால் ஒருவர் இழுக்க, மற்றவர் ஆடிப்போவார்.

கோணத்தலைவாசல், காராம்பசுத்தடம் தாண்டினால் ஓடையோரமாக கோரக்கர் குகை. பதினெண் சித்தர்களில் ஒருவரான கோரக்கர் தவம் செய்த இடம் என்பது நம்பிக்கை. பக்கத்தில் பாறைக் குழியில் தேங்கும் நீரைக் கசாயத் தீர்த்தம் என்பார்கள். மூலிகை அரைத்துக் கசாயம் வடித்த இடமாம். பாதி வழி ஏறிய களைப்பில் பலர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஏறும்போது பத்து நிமிடம் உட்கார இந்த மலையிலேயே நல்ல இடம் இதுதான். வெயிலில் இருந்து பாறை நிழலுக்குள் நுழைந்ததும் வேர்வை சட்டென்று குளிரும். அந்த ஈரத்தோடு அரை மணி நேரம் படுத்துவிட்டால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் போதும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் இங்கே ஒதுங்காதீர்கள். குகை என்றால் பாதுகாப்பு என்று தோன்றும். ஓடையோரக் குகை மழைக்கு ஒதுங்கும் இடமல்ல.

அடுத்து இரட்டை லிங்கம். கணவன் சைவம், மனைவி வைணவம். இருவரின் வழக்கைத் தீர்க்கச் சிவனும் திருமாலும் சேர்ந்து நின்ற இடம் என்று கதை. கூட்டமாக வந்தவர்கள் பிரிந்துவிட்டால் சந்திக்க இந்த இடத்தைப் பேசி வையுங்கள். செல்போனில் சிக்னல் கிடைக்கும் என்று எண்ணி மலையேற வேண்டாம். நாவலூற்று, பச்சரிசிப் பாறை, வனதுர்க்கை என்று பாதை போய், கடைசியில் பிலாவடிக் கருப்பசாமி. பலா மரத்தடியில் இருப்பதால் பலாவடி, அது வாயில் பிலாவடி. கோயில் கட்டப் பணம் போதாத வணிகர் ஒருவருக்காகக் காலாங்கிநாதர் என்ற சித்தர் உலோகத்தைப் பொன்னாக்கும் தைலம் செய்தாராம். மிஞ்சியதைக் கிணற்றில் ஊற்றி மூடி, காவலுக்குக் கருப்பரை வைத்தாராம். அந்தத் தைலக் கிணற்றைக் காட்டுகிறேன் என்று யாராவது காட்டுக்குள் கூப்பிட்டால் போகாதீர்கள். கருப்பர் காவலாவது நம்பக்கூடியது, கூப்பிடுகிற ஆள் யார் என்று தெரியாது.

கருப்பரைத் தாண்டினால் சுந்தர மகாலிங்கம். சுயம்பு லிங்கம், ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பச்சைமால் என்ற இடையனின் பசு தினமும் பால் குறைவாகத் தர, பின்தொடர்ந்து போனவன் மடியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்த ஒரு துறவியைப் பிரம்பால் அடித்தான். வந்தது சிவன் என்று பிறகுதான் தெரிந்தது. அடி பட்ட தலையோடு அப்படியே லிங்கமானார் என்பது தலபுராணம். சதுரகிரி என்ற பெயருக்கும் விளக்கம் உண்டு. கிழக்கே இந்திரகிரி, மேற்கே வருணகிரி, தெற்கே எமகிரி, வடக்கே குபேரகிரி, இந்த நான்கின் நடுவே இருப்பதால் சதுரகிரி என்பார்கள். நான்கு வேதமும் மலையானது என்று சொல்கிறவர்களும் உண்டு.

அங்கிருந்து படி ஏறினால் சந்தன மகாலிங்கம். பிருங்கி முனிவர் தன்னை விட்டுவிட்டுச் சிவனை மட்டும் சுற்றி வந்ததால், சிவன் உடம்பில் பாதியைப் பெற வேண்டி அம்பாள் சந்தனத்தில் லிங்கம் பிடித்துத் தவம் இருந்த இடம் என்று கதை. இங்கே விநாயகர், முருகன்கூட சந்தனப் பெயரோடுதான் இருப்பார்கள். சட்டைநாதர் குகையும் இந்தப் பக்கம்தான். கீழே சாமி பார்த்த திருப்தியில், "கால் வலிக்குது, இங்கயே உக்காந்துக்கறேன்" என்று பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். ஏறியதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, வாருங்கள்.

அபிஷேகத்துக்குப் பால் கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று. பாக்கெட்டோடு அனுமதி இல்லாததால் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு ஏறுவார்கள். காய்ச்சாத பால், வெயிலில் நாலு மணி நேரக் குலுக்கல். சித்திரையில் மேலே போய் மூடியைத் திறந்தால் திரிந்திருக்கும். விடியற்காலையில் கறந்த பால், தூக்கைச் சுற்றி நனைத்த துணி, அதை அவ்வப்போது நனைத்துக்கொள்வது, 10 மணிக்குள் மேலே சேர்வது. இத்தனையும் முடிந்தால் பால் எடுங்கள். இல்லையென்றால் வில்வம், சந்தனம், தேன். தேன் கெடாது, 100 கிராம் கண்ணாடிப் புட்டி போதும், உடையாமல் துண்டில் சுற்றி வையுங்கள்.

இனி தவசிப்பாறை. இந்த மலையின் குகைகளில் பலரும் கனவு காண்பது இதைத்தான். கோயிலுக்கு மேலே செங்குத்தான ஏற்றம். நவக்கிரகம் என்று சொல்லப்படும் ஒன்பது பெரிய பாறைகள், அடியில் நின்றால் சிலுசிலுக்கும் 'ஏசி பாறை' எல்லாம் அந்தப் பக்கம்தான். அதே காட்டில் பெரிய மகாலிங்கமும் உண்டு. பதினெட்டுச் சித்தர்களும் இந்தக் குகையில் இருந்து மகாலிங்கத்தை வழிபட்டார்கள் என்பது ஐதீகம். கோயில் பாதையைத் தாண்டிக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதிக்காத நாட்களே அதிகம். அன்று அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் தலை திருப்ப வேண்டும். போக வர, குகைக்குள் இருக்க என்று 3 மணி நேரமாவது வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அந்த 3 மணி நேரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குகை வாசல் ஒருவர் தவழ்ந்து நுழையும் அளவுதான். உள்ளே போனால் பத்துப் பேர் உட்காரும் இடம், லிங்கம். நுழைவதற்கு ஒரு முறை இருக்கிறது. பை, கம்பு, இடுப்புப் பை எல்லாவற்றையும் வெளியே கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். சட்டைப் பையில் இருக்கும் செல்போனையும்தான். குப்புறத் தவழும்போது முதலில் உடைவது அதுதான். நெற்றியில் கட்டும் டார்ச் இருந்தால் இரண்டு கையும் விடுதலை. நுழைவதற்கு முன் டார்ச் அடித்து வாசல் ஓரங்களைப் பாருங்கள், கம்பால் நாலு தட்டு தட்டுங்கள். தேளும் பாம்பும் நிழலுக்கு ஒதுங்கும் இடம். முழங்காலில் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். தோள் இடித்தால் இரண்டு கையையும் முன்னால் நீட்டாதீர்கள்: ஒரு கை முன்னே, மறு கை உடம்போடு ஒட்டிப் பின்னே. தோள்கள் சாய்ந்து அகலம் குறையும். மாட்டியது போலத் தோன்றினால் மூச்சை உள்ளே இழுத்துத் திமிற வேண்டாம், நெஞ்சு விரிந்து இன்னும் இறுகும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உடம்பைத் தளரவிட்டு, ஒரு சாண் பின்னால் வாருங்கள். பிறகு கோணத்தை மாற்றி முயலுங்கள்.

உள்ளே இருப்பவர் வெளியே வந்த பிறகே அடுத்தவர் நுழைய வேண்டும். எதிரெதிரே வந்து நடுவில் முட்டிக்கொண்டால் யாராவது ஒருவர் பின்பக்கமாகத் தவழ்ந்தாக வேண்டும். கூட்டத்தோடு உள்ளே உட்கார்ந்து கற்பூரம் ஏற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். வாசல் சின்னது, புகை போக வழியில்லை, ஐந்து நிமிடத்தில் கண் எரிந்து இருமல் தொடங்கும். அப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை வாசலுக்குப் பாய்வார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள். உங்கள் மூச்சுச் சத்தமே அடுத்தவர் மூச்சு போலக் கேட்கும். ஆஸ்துமா, அடைத்த இடத்தில் பயம், கர்ப்பம் என்றால் வெளியில் இருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். சித்தர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி. வெறும் வயிற்றில் ஏறக் கூடாது, நிறையவும் கூடாது. விரதம் என்று பட்டினியோடு ஏறுகிறவர்கள்தான் பாதி வழியில் கண் இருட்டி உட்காருகிறார்கள். காலையில் இரண்டு மூன்று இட்லி, கையில் கடலை மிட்டாய், எலுமிச்சை, உப்பு, மதியத்துக்குப் புளிச்சோறு. மேலே மடங்களில் அன்னதானம் வயிறு நிறையக் கிடைத்த நாட்கள் உண்டு. இன்று அதையே நம்பி வெறும் கையோடு போக வேண்டாம். கால் இழுத்தால் தண்ணீர் மட்டும் குடிப்பது போதாது. வேர்வையில் உப்பும் போயிருக்கும், எலுமிச்சை நீரில் உப்புப் போட்டுக் குடிக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மலையேறும் நாளுக்கு அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேர ஏற்றத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள். வழியில் நெஞ்சடைத்தால் டோலியில் சுமந்து இறக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கும் அளவுக்குத் தேறியவை. கையில் பழத்தோடு நடக்காதீர்கள், பையைப் பிடுங்கினால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். கடி பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கீழே இறங்கியதும் அன்றைக்கே நாய்க்கடி ஊசிதான் இதற்கும். சாம்பல் நிற அணிலைப் பார்க்க ஆசைப்பட்டால் காலையில், அடிவாரத் தோப்புகளை ஒட்டி மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் இடத்தில் மேலே பாருங்கள். தரைக்கு வருவது அபூர்வம், மரம் விட்டு மரம் போகும். வீட்டு அணிலை மனதில் வைத்துத் தேடினால் தவறவிடுவீர்கள். பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால்.

மூலிகை மலை என்ற பெயர் இந்த ஊருக்கு ஒரு சாபம். இரவில் ஒளிரும் மரம், வெட்டினால் பால் வடியும் மரம் என்று கேட்ட கதைகளோடு வந்து, ஆளுக்கு ஒரு பிடி தழை பறித்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். காட்டில் இருந்து ஒரு வேரை எடுத்தாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். அதைவிட முக்கியம், தெரியாத தழையை வாயில் வைப்பது. நல்லதும் நஞ்சும் ஒரே புதரில் முளைக்கும்.

இறங்கும்போது முழங்கால்தான் பேசும். ஏறும்போது மூச்சு வாங்கும், அது உட்கார்ந்தால் தீரும். இறக்கத்தில் ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரம் முழுக்க முட்டியில் விழுகிறது, அது உட்கார்ந்தாலும் தீராது. காலை விறைப்பாக நீட்டி ஊன்றாமல் முட்டியைச் சற்று மடக்கி வையுங்கள். உயரப் படிகளில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். குதிக்காதீர்கள், பிள்ளைகளையும் குதிக்க விடாதீர்கள். தொடை நடுங்கத் தொடங்கினால் அதுதான் எச்சரிக்கை. அடுத்த அரை மணி நேரத்துக்குள் கால் மடங்கும். நின்று, உப்பு நீர் குடித்து, ஐந்து நிமிடம் கழித்து நடங்கள். இதற்கெல்லாம் இடம் வைத்துத்தான் 1 மணிக்கே கிளம்பச் சொன்னது.

கடைசி அரை மணி நேரத்தில் எல்லாரும் பேருந்து நினைப்பில் முன்னால் ஓடிவிடுவார்கள். வேகமாக நடப்பவர் ஒருவரைக் கடைசி ஆளாகப் போடுங்கள், அவருக்குப் பின்னால் உங்கள் கூட்டத்தில் யாரும் இருக்கக் கூடாது. ராஜகாளியம்மன் கோயிலில் நின்று ஒரு தடவை ஆள் எண்ணுங்கள். கேட்டுக்கு வெளியே வந்த பிறகு ஒருவர் குறைகிறார் என்று தெரிந்தால், அந்த நேரத்தில் தேட உங்களைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். சாவடியில் இருக்கும் வனத்துறையினரிடம்தான் சொல்ல வேண்டும். அப்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எந்த இடத்துல பாத்தீங்க?"